தள்ளியதையும் பார்த்தவர்

ஒரு கூட்டத்தில் நான் பொய் சொன்னேன். என் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்குப் பார்வை சரியில்லை, ஆகவே அவர் குறித்துக் கொடுத்தவற்றை நம்ப வேண்டியதில்லை என்று சொன்னேன். அவர் குறித்தது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். முந்தைய வாரம் நானே தனியாக உட்கார்ந்து சரிபார்த்திருந்தேன். நான் அதைச் சொன்னபோது அவரும் அந்த அறையில்தான் இருந்தார். புரொஜெக்டர் வயர் அடிக்கடி கழன்றுகொள்ளும் என்பதால் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பேசி முடித்த பிறகும் பிடித்துக்கொண்டேதான் நின்றார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரோடு ஒரு வார்த்தையை நான் ஏற்கெனவே ஒட்டவைத்துவிட்டேன். மாணவர்கள் அவரை அக்கா என்றார்கள். நான் 'என்னம்மா' என்பேன். அவர் என்னை சார் என்றார்.

தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கும் சாலையில், தண்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் அலைகளைப் பதிவு செய்வது எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை. அந்த அலைகள் மிக மெல்லியவை. கண்ணை ஒருமுறை சிமிட்டினால் போதும், அதைப்போலப் பல மடங்கு பெரிய அலை ஒன்று எழுந்து எல்லாவற்றையும் மூடிவிடும். கலந்து வரும் பதிவைக் கணக்கால் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, கண்ணிலிருந்து வந்ததை மட்டும் நீக்கிவிட்டு மிச்சத்தைத் திரும்பச் சேர்க்கலாம். பிரிப்பதற்குப் பல முறைகள் உண்டு. இன்ஃபோமேக்ஸ், ஃபாஸ்ட் ஐ.சி.ஏ., சோபி என்று மூன்றை எடுத்துக்கொண்டு எது நன்றாகப் பிரிக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டாவது முறையில் நான் ஒரு மாற்றம் செய்திருந்தேன். கண்ணின் பகுதி எது என்று அதுவே கண்டுபிடித்து, யாரும் பார்க்கத் தேவையில்லாமல் அதுவே தள்ளிவிடும். அதில் எனக்குப் பெருமை அதிகம்.

அந்தப் பெண் பென்னலூர்க்காரர். நாற்பதை ஒட்டிய வயது. எங்களிடம் வருவதற்கு முன் பதினோரு ஆண்டுகள் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், வட்ட விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடிக்குக் கீழே சர்க்யூட் பலகைகளைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவர். எங்கள் கல்லூரிப் பேருந்து ஓட்டுநர் அவருடைய அண்ணன். அண்ணன் சொல்லித்தான் இவரை ஒப்பந்த உதவியாளராக எடுத்தோம். தொழிற்சாலையை ஏன் விட்டார் என்று எல்லோரிடமும் "ஷிஃப்ட்டு ஒத்துக்கல" என்றே சொல்லியிருந்தார். என்னிடம் மட்டும் ஒருநாள் உண்மையைச் சொன்னார்.

"லெஃப்ட் கண்ணு டெஸ்ட்டுல கம்மியா காட்டிச்சி சார். கண்ணாடி போட்டா சரியாப் பூடும்னாரு டாக்டரு. கம்பெனி ரூலுல கண்ணாடி போட்டவங்கள அந்த லைன்ல வைக்க மாட்டாங்களாம். பேக்கிங்க்கு போன்னாங்க. எனக்கு பாக்குற வேல தான் சார் தெரியும். அட்டப் பொட்டி ஒட்டிக்கினு கெடக்க முடியாதுன்னு வந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க. கண்ணுன்னு ஒரு பேச்சு வந்துட்டா இந்த ரோட்டுல ஒருத்தனும் வேல குடுக்க மாட்டான்."

சொல்ல மாட்டேன் என்றேன்.

கண்ணாடி போட்ட அவருடைய பார்வையில் எந்தக் குறையையும் நான் கண்டதில்லை. எனக்குத் தெரிந்தவர்களிலேயே பார்ப்பதை ஒரு வேலையாக மதித்தவர் அவர் ஒருவர்தான். அதிலும் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. சரி என்று ஏற்றுக்கொண்டதை ஒருமுறை பார்ப்பார். வேண்டாம் என்று தள்ளியதை இரண்டு முறை பார்ப்பார்.

தொழிற்சாலையிலும் அப்படித்தானாம். ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடும்போது இவர் ரிஜெக்ட் தட்டில் கிடக்கும் பலகைகளைப் புரட்டிக்கொண்டு நிற்பார். "இன்னா, ஓ.டி. கணக்கு ஏத்துறியா?" என்று சூப்பர்வைசர் கிண்டல் செய்வாராம். இதைச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்: "நல்லதுன்னு போனத வாங்குறவன் பாப்பான் சார். கெட்டுதுன்னு தள்ளினத எவன் பாப்பான்? தப்பா தள்ளியிருந்தா அது தப்பாவே பூடும் இல்ல?"

எங்களிடமும் ஒரு நோட்டு போட்டார். பதிவு சரியாக வரவில்லை, விட்டுவிடு என்று நான் சொல்வதையெல்லாம் தேதி போட்டு, காரணமும் எழுதி வைப்பார். அட்டையில் 'தள்ளினது' என்று எழுதியிருக்கும். கணினியிலும் அதே பெயரில் ஒரு கோப்புறை திறந்துவைத்திருந்தார். மாணவர்கள் சிரிப்பார்கள். "அக்கா, குப்பைக்குமா ஃபைல் போடுவீங்க?"

"ஒன் மார்க்‌ஷீட்டு கூட ஒரு நாளு குப்பைக்கு போவும், அப்ப வருவ எங்கிட்ட" என்பார்.

எங்கள் ஆய்வுக்குத் தலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் சுங்குவார்சத்திரம் விடுதிகளில் தங்கித் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள். இரவு ஷிஃப்ட் முடித்து, காலை எட்டரை மணிக்குக் கண் எரிச்சலோடு வந்து உட்காருவார்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையில் மின்முனை ஒட்டாது. இவர்தான் ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து, ஒவ்வொருத்திக்கும் தலையை அலசி, துண்டால் துவட்டி, மின்முனைத் தொப்பியை மாட்டுவார். ஒருமுறை திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏக்கா, கரண்டு கிரண்டு அடிச்சிராதுல்லா?"

"அடிக்காது கண்ணு. ஒன் மண்டேந்து தான் நாங்க கரண்டு எடுக்கப் போறோம். நாயமா பாத்தா ஒனக்கு தான் நாங்க பில்லு கட்டணும்."

அவள் சிரித்ததில் பதிவு முழுவதும் அலையாக எழுந்தது. அந்த இரண்டு நிமிடத்தைத் தள்ளச் சொன்னேன். நோட்டில் 'சிரிப்பு' என்று காரணம் எழுதினார்.

இந்தக் கணக்கு என்ன செய்கிறது என்று அந்தப் பெண்கள் கேட்டால் நான் சொல்லும் விளக்கம் யாருக்கும் விளங்காது. அவர் சொல்வார்: "சாயங்காலம் சத்திரம் ஸ்டாப்புல நின்னு பாத்துகிறியா? ஆறு கம்பெனி பஸ்ஸு ஒரே டைம்ல ஹாரன் அடிப்பான். சும்மா போறவனுக்கு ஒரே எரைச்சலு. தெனம் ஏறுறவளுக்கு தன் பஸ்ஸு எதுன்னு சத்தத்துலயே தெரியும் இல்ல? அத்த தான் இது செய்யுது. இது கண்ணு சத்தம், இது மண்ட சத்தம்னு பிரிச்சிக் குடுக்குது. மூணு பேரு பிரிக்கிறான். அதுல எவன் காது நல்ல காதுன்னு சாரு கண்டுபுடிக்கிறாரு."

வெளியூர்க் கல்லூரிகளில் பேசப் போனபோது இந்த விளக்கத்தை நான் பலமுறை என்னுடையதாகச் சொல்லியிருக்கிறேன். கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

மூன்று முறைகளில் எது மேல் என்று தீர்மானிக்க, உண்மையில் எப்போது கண் அசைந்தது என்பது தெரிய வேண்டும். அதற்காகப் பதிவின்போதே முகத்தையும் வீடியோ எடுத்தோம். அதை மெதுவாக ஓடவிட்டு, சிமிட்டல் எங்கே, பக்கவாட்டுப் பார்வை எங்கே என்று நொடிக் கணக்கில் குறிப்பது அவருடைய பொறுப்பு. அட்டவணையில் இரண்டு பத்தி போட்டுக் கொடுத்திருந்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் மூன்றாவதாக ஒரு பத்தி இருந்தது. அதில் எழுத்து இல்லை, சின்னச் சின்ன வளைகோடுகள்.

"இது என்னம்மா?"

"தூங்கப் போற கண்ணு சார். இமை மூடல, பாருங்க. ஆனா முழி மெதுவா அந்தாண்ட போயி இந்தாண்ட வருது. தண்ணில தக்க மெதக்குற மாரி. லைன்ல பக்கத்து சீட்டுக்காரிக்கு இந்த மாரி ஆச்சின்னா தொடயில கிள்ளிடுவோம். அடுத்த நிமிசம் அவ சாஞ்சிடுவா."

"நான் இதைக் கேட்கலையே."

"நீங்க கேக்கல. இருந்துச்சி, எழுதினேன்."

அவருக்குத் தெரியாமலேயே அவர் முக்கியமான ஒன்றைத் தொட்டிருந்தார். தூக்கம் வரும்போது விழி அப்படி மிதக்கும் என்பது புத்தகங்களில் உள்ளதுதான். ஆனால் அந்த மிதப்பும், அதே நேரத்தில் மூளையின் முன்பகுதியில் எழும் தூக்கத்தின் அலையும் மெதுவானவை, ஒன்றையொன்று ஒத்தவை. அவர் குறித்த இடங்களை வைத்துப் பார்த்தபோது என் முறை இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கண் என்று முத்திரை குத்தித் தள்ளியிருந்தது. மிச்சமிருந்த பதிவு துடைத்துவைத்ததுபோல இருந்தது. அதில் தூங்கி வழிந்த பெண்கள் எல்லோரும் நன்றாக விழித்திருந்தார்கள். சோபி என்ற முறைதான் இரண்டையும் ஓரளவு பிரித்து வைத்திருந்தது.

நான் இருபது இடங்களைத் தேர்ந்து வீடியோவை ஓடவிட்டேன். ஒன்றே ஒன்றில் எனக்குச் சந்தேகம். மற்ற எல்லாவற்றிலும் விழி மிதந்தது.

அப்போது ஓரகடத்தில் ஒரு நிறுவனம், இரவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்கள் தூங்கிவிடாமல் எச்சரிக்க ஒரு தலைப்பட்டை செய்யும் யோசனையில் இருந்தது. எந்த முறையை அதற்குள் வைப்பது என்று முடிவு செய்யத்தான் அந்தக் கூட்டம். என் முறையை எடுத்தால் என் பெயரில் ஆய்வுக்கூடம் விரியும். அவருக்கும் அந்தக் கூட்டம் முக்கியம். திட்டம் கைகூடினால் ஒப்பந்த வேலையை நிரந்தரமாக்குவதாகக் கல்லூரி சொல்லியிருந்தது. ஒப்பீட்டு அட்டவணையை அவர்தான் தயாரித்தார். மூன்றாவது பத்தியை எடுத்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

நிறுவனத்திலிருந்து வந்திருந்த ஒருவர் கவனித்தார்.

"சார், இந்த மூணாவது பத்தி எது? இதுல உங்க மெத்தட் கடைசியில இருக்கே?"

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு நான் சொன்னேன்: "அதை விட்டுடுங்க. குறிச்சவங்களுக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு. முன்னாடி வேலை பார்த்த கம்பெனியிலயே அதனாலதான் வேலையிலிருந்து எடுத்துட்டாங்க. அந்தப் பத்தி நம்பகமானதில்லை."

ஒருவர் லேசாகச் சிரித்தார். அடுத்த படத்துக்குப் போனோம்.

கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீருக்குப் போன பிறகு அவர் கேட்டது இவ்வளவுதான்: "சார், லேப்டாப்ப ஷட்டவுன் பண்ணிடவா?"

அந்த ஆண்டு முடிவில் அவருடைய ஒப்பந்தத்தைக் கல்லூரி நீட்டிக்கவில்லை. "பார்வைப் பிரச்சினை இருக்கிறவங்களை லேப்ல வைக்கிறது ரிஸ்க் இல்லையா, நீங்களே சொன்னீங்களே" என்றார் முதல்வர். நான் மறுக்கவில்லை. இந்தச் சாலையில் ஆள் எடுப்பவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஓர் இடத்தில் சொன்னது நாலு நாளில் எல்லா இடத்துக்கும் போய்விடும். அவர் மூன்று நிறுவனங்களில் பரிசோதனை வேலைக்கு எழுதிப்போட்டார், மூன்றிலும் கண்ணைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று அவர் அண்ணன் பேருந்தை நிறுத்திச் சொன்னார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. செய்தியாகத்தான் சொன்னார். நான் உச்சுக்கொட்டினேன்.

என் கட்டுரை அச்சானது. பயிற்சி பெற்றவர்கள் குறித்தார்கள் என்று பொதுவாக எழுதி, இரண்டு பத்திகளை மட்டும் கொடுத்தேன். தலைப்பட்டைத் திட்டத்தை அந்த நிறுவனம் வேறு ஏதோ காரணத்தால் ஒரு வருடத்துக்குள் கைவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு யாரும் வண்டியோடு கவிழவில்லை. அது என்னால் அல்ல.

ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருந்தபோது, எனக்கு முன்பின் தெரியாத ஓர் ஆய்வாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நாங்கள் பொதுவில் வைத்திருந்த பதிவுகளை அவர் தன் வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார். தரவுகளோடு ஒரு கோப்புறை இருக்கிறது, அதன் பெயர் தமிழில் இருப்பதால் படிக்க முடியவில்லை, உள்ளே தூக்கத்தின் தொடக்கத்தை யாரோ மிகத் துல்லியமாகக் குறித்திருக்கிறார்கள், கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, குறித்தவர் யார் என்று கேட்டிருந்தார். எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றியபோது 'தள்ளினது' என்ற கோப்புறையும் போயிருக்கிறது. நான் தள்ளிய அந்த மூன்றாவது பத்தியையும் அவர் அதில்தான் வைத்திருந்தார்.

மூன்று நாள் என்னால் பதில் எழுத முடியவில்லை. நான்காம் நாள் சுங்குவார்சத்திரத்துக்குப் போனேன்.

பெண்கள் விடுதி ஒன்றின் சமையற்கூடத்தில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க சார். இன்னா சார் இவ்ளோ எளச்சிட்டீங்க? சாப்ட்டீங்களா?"

"அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா" என்றேன். வழியெல்லாம் வேறு ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாயில் வந்தது இது.

"தப்பெல்லாம் இல்ல சார். நீங்க படிச்சவரு, பாக்காமயா சொல்லியிருப்பீங்க?"

"உங்க கண்ணு சரியாத்தான் இருந்துது."

"இருந்திருந்தா நீங்க ஏன் சார் சொல்லப் போறீங்க?" கீரையை என் முன்னால் தள்ளிக் காட்டினார். "இத்த பாருங்க. ஆஞ்சி முடிச்சிட்டு அந்தப் பொண்ணக் கூப்ட்டு ஒரு தபா பாக்கச் சொல்வேன். அரிசியும் அப்டி தான். நான் பாத்தது போதும்னு எனக்குத் தோண மாட்டேங்குது. டெஸ்ட்டுல கம்மின்னு சொன்னப்ப கூட எனக்கு ஒண்ணும் ஆவல சார். நீங்க சொன்னப்புறம் தான் என் கண்ணு மேல எனக்கே டவுட்டு வந்துட்சி."

வேலை போனதை நான் அறிவேன். இதை அறிந்திருக்கவில்லை.

பழைய வீடியோக்களை இன்னொரு முறை குறித்துத் தருகிறீர்களா, பத்திரிகைக்குத் திருத்தம் எழுத வேண்டும் என்று கேட்டேன். மிச்சக் கீரையை ஆய்ந்து முடித்தார். பிறகு நிபந்தனைகளை அவரே சொன்னார்.

"என் பழைய நோட்ட எங்கண்ணுல காட்டாதீங்க. எந்தப் பொண்ணு எந்த நாளுன்னும் சொல்லாதீங்க. கலச்சிப் போடுங்க. நான் குறிச்சி முடிக்கிற வரைக்கும் நீங்களும் வாயத் தெறக்கக் கூடாது."

எங்கள் துறையில் இதை எப்படிச் செய்ய வேண்டும் என்று நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தது கிட்டத்தட்ட இதே வரிசையில்தான்.

ஏழு ஞாயிற்றுக்கிழமைகள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, மேசைகளைத் துடைத்த பிறகு, விடுதியின் உணவுக்கூடத்தில் மடிக்கணினியை வைப்பேன். கண்ணாடியை முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டு அவர் உட்காருவார். துணி காயப் போட வரும் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

"இன்னாக்கா, சினிமாவா?"

"ஆமாண்டி. ஈரோயினி கொட்டாவி வுட்டுக்கினே இருப்பா. ஒக்காந்து பாரேன்."

நான் பக்கத்தில் வாய் திறக்காமல் இருந்தேன். முதல் ஞாயிறு அவர் கை தயங்கியது. ஒரே இடத்தை நாலு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தார். மூன்றாவது ஞாயிறு தயக்கம் போய்விட்டது. கடைசி ஞாயிறுகளில், நான் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தும் என் கண்ணில் படாததை அவர் முதலில் குறித்தார்.

எட்டாவது ஞாயிறு பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். வளைகோடுகள் ஏறக்குறைய எல்லாமே ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்தன. பொருந்தாதவை பதினொன்று. அந்தப் பதினொன்றையும் மறுபடி ஓடவிடச் சொன்னார்.

"இதுல பழசு தான் கரீட்டு, இப்பத்தான் நான் வுட்டுட்டேன். இதுவும். தா, இந்த நாலுல அன்னிக்கு நான் போட்டது தப்பு சார். வெளிச்சம் பட்டு முழி சுருங்குனது, மெதப்பு இல்ல. எழுதிக்கங்க. திருத்தம் போடும்போது இந்த நாலும் தப்புன்னு போடணும்."

போடுவதாகச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சமையற்கூடத்தில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் சரியா தான் பாத்துக்கினு இருந்தேன்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

"ஆமாம்மா."

திரையிலிருந்து மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த ஏழு வாரங்களில் அவர் முகத்தில் ஒருமுறைகூட நான் கோபத்தைப் பார்த்ததில்லை. ஏன் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் என்னை நம்பியிருந்தார். நான் தவறாகப் பார்த்திருக்கலாம், அல்லது அவரே தவறாகப் பார்த்திருக்கலாம் என்று இத்தனை ஆண்டும் நினைத்திருந்தார். நான் வேண்டுமென்றே செய்திருப்பேன் என்ற எண்ணம் அவரிடம் வரவேயில்லை.

"சார், ஒண்ணு கேக்குறேன். அந்த மீட்டிங்குக்கு முன்னாடி நீங்க இந்த வீடியோவப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"பார்த்தேன். இருபது இடம்."

"கரீட்டா இருந்துதா?"

"இருந்தது."

"தெரிஞ்சே சொன்னீங்க."

"தெரிஞ்சே சொன்னேன்."

"அந்தக் கண்ணு விசயம் ஒங்க ஒருத்தர்கிட்ட தான் சார் சொன்னேன்."

பத்திரிகையில் திருத்தம் வரும், அதில் உங்கள் பெயர் இருக்கும் என்று ஏதோ சொன்னேன்.

"அத்த எத்தினி பேரு படிப்பாங்க?"

"பத்துப் பேர் படிக்கலாம்."

"அன்னிக்கு ரூம்புல ஏழு பேரு தான் இருந்தாங்க. ஊரு பூரா தெரிஞ்சிது." எழுந்து மடிக்கணினியை மூடினார். எப்போதும்போல வயரைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, என் பக்கம் நகர்த்தினார். "என் பேரு வோணாம் சார் அதுல. அந்த நாலு தப்ப மட்டும் போடுங்க. அப்புறம், நீங்க பொய் சொன்னீங்கன்னு காலேஜ்லேந்து ஒரு லெட்டரு வோணும். என் கண்ணு நல்லா கீதுன்னு இல்ல. நீங்க பொய் சொன்னீங்கன்னு. எங்கண்ணன்கிட்ட குடுத்து அனுப்புங்க. நீங்க வராதீங்க."

கல்லூரி அப்படி எழுதவில்லை. புது முதல்வர் என் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "சார், வயசான காலத்துல இதெல்லாம் எதுக்கு?" என்றார். அந்தப் பெண்ணின் குறிப்புகள் துல்லியமானவை என்பது பின்னர் உறுதியாயிற்று என்று மட்டும் கல்லூரித் தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் கேட்டதை நான் என் தாளில், என் கையெழுத்தில் எழுதினேன். என்ன சொன்னேன், எப்போது, யார் முன்னால், அப்போது எனக்கு என்ன தெரிந்திருந்தது, எல்லாம். இரண்டையும் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் என் கடிதத்தைப் பேருந்தின் படியில் நின்றபடியே படித்தார். அதன் பிறகு என்னைக் கண்டால் வண்டியை நிறுத்துவதில்லை.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஏழு பேரில் ஐந்து பேரைக் கண்டுபிடித்து அதையே எழுதி அனுப்பினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவருக்கு அந்தக் கூட்டமே நினைவில்லை. பத்திரிகையில் திருத்தம் வந்தது. நான்கு தவறுகளும் அதில் உள்ளன. மின்னஞ்சல் எழுதிய ஆய்வாளருக்கு, குறித்தவர் தன் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, அதற்குக் காரணம் நான் என்று பதில் எழுதினேன்.

இதெல்லாம் முடிந்து பல மாதங்கள் கழித்து, ஒரு காலை நேரம், அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஓரகடத்தில் வண்டிகளுக்கு ரப்பர் வளையங்கள் செய்யும் ஒரு சிறிய நிறுவனம். ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்ன இளைஞர் அவசரத்தில் இருந்தார்.

"சார், ஒரு லேடி விஷுவல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு அப்ளை பண்ணியிருக்காங்க. ரெஃபரன்ஸ்ல உங்க நம்பர் குடுத்திருக்காங்க." பெயரைச் சொன்னார். "அவங்களுக்கு முன்னாடி ஏதோ ஐ ப்ராப்ளம்னு கேள்விப்பட்டோம். அது என்ன சார்?"

என் எண்ணை அவர் கொடுத்திருக்கிறார். மன்னித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் கேள்வி எங்கே போனாலும் வரும், இதற்குப் பதில் யார் வாயிலிருந்து வந்தால் நிற்கும் என்று பார்த்திருக்கிறார்.

"அது நான் கிளப்பிவிட்ட பொய் தம்பி" என்றேன். நடந்ததைச் சொன்னேன். நடுவில் இரண்டு முறை 'சார், சார்' என்றார். நிறுத்தாமல் சொல்லி முடித்தேன்.

"ஓகே சார், புரியுது. ஆனா எனக்கு ஃபார்ம்ல யெஸ், நோதான் சார் போட முடியும்."

"யெஸ் போடுங்க" என்று சொல்லிவிட்டேன், வேலைக்கு எடுக்கலாமா என்பதுதான் கேள்வி என்று நினைத்து. அவர் விசையைத் தட்டும் ஒலியும் கேட்டது. "தேங்க்ஸ் சார்" என்றார்.

"இருங்க, வைக்காதீங்க. அந்தக் கேள்வி என்னன்னு படிங்க."

"கண்ணாடி போட்ட பிறகும் பார்வைக் குறை ஏதாவது உண்டா. அதான் சார் கேள்வி."

"நோ. நோ போடுங்க. மாத்துங்க."

"மாத்தியாச்சு சார்."

"மாத்தினதை எனக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு அந்தப் பெண்ணின் பெயரிலிருந்து ஆரம்பித்து, வயது, ஊர், முந்தைய வேலை என்று ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். கடைசி வரிவரை கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தேன்.